புகையை விடும் வாரங்களில் குடலைப் பார்த்துக்கொள்வது எப்படி

காலையில் ஒரு டீயும் ஒரு சிகரெட்டும் இல்லையென்றால் வயிறு இறங்காது என்று சொல்லும் புகைப்பழக்கக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வெறும் நினைப்பு அல்ல. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது. டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் அதற்குத் துணை போகிறது. பல ஆண்டுகள் இப்படித் தூண்டுதலுக்குப் பழகிய குடலுக்கு ஒரே நாளில் அது கிடைக்காமல் போகும்போது மலச்சிக்கலும் உப்புசமும் வருகின்றன. பசி கூடி எடையும் ஏறத் தொடங்குகிறது. நுரையீரலுக்காகப் புகையை விட்டவர், வயிற்றுத் தொல்லை தாங்காமல் மறுபடியும் பெட்டிக்கடைக்குப் போகிறார். இதைத் தவிர்க்க வேண்டுமானால் குடலுக்கான ஏற்பாட்டைப் புகையை விடும் நாளுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

புகை நுரையீரலுக்குத்தானே போகிறது, குடலில் வாழ்ந்து செரிமானத்துக்கு உதவும் பாக்டீரியாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அது குடலை அடையும் வழிகள் பல. புகையின் ஒரு பகுதி எச்சிலில் கரைந்து நேராக வயிற்றுக்குள் விழுங்கப்படுகிறது. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்த நிக்கோட்டின் இரைப்பைச் சாற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் வந்து சேர்கிறது. புகைப்பவரின் குடலில் நிக்கோட்டின் தேங்குவதையும், அதைச் சிதைக்கக்கூடிய ‘பாக்டீராய்டிஸ் சைலானிசால்வென்ஸ்’ என்னும் பாக்டீரியா மனிதக் குடலிலேயே வாழ்வதையும் 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த சீன ஆய்வு ஒன்று காட்டியது. இவற்றோடு கார்பன் மோனாக்சைடு வாயு, காட்மியம் போன்ற கன உலோகங்கள், எரிதலில் உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் ஆகியவையும் சேரும்போது குடலின் அமிலத்தன்மையும், சளிப்படலமும், குடல் சுவரின் செல்களை நெருக்கமாகப் பிணைத்து வைத்திருக்கும் இணைப்புகளும் மாறுகின்றன. பாக்டீரியாக்கள் வாழும் இடமே மாறிப்போனால் அங்கே யார் பெருகுவார்கள், யார் குறைவார்கள் என்பதும் மாறத்தான் செய்யும். பீடி இலையில் சுற்றியது என்பதால் சிகரெட்டைவிட மென்மையானது என்று நம்புவோர் உண்டு. பீடி இலையில் காற்று எளிதில் புகாது; அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் கார்பன் மோனாக்சைடும் நிக்கோட்டினும் அதில் அதிகமாகவே உள்ளே போகின்றன.

விட்டுவிட்டால் இது திரும்புமா? சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரின் மலத்தை ஒன்பது வாரங்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் 10 பேர் புகையை விட்டவர்கள், 5 பேர் தொடர்ந்து புகைத்தவர்கள், மீதி 5 பேர் புகைக்காதவர்கள். புகையை விட்டவர்களிடம் மட்டும் குடல் பாக்டீரியாவின் சேர்க்கை தெளிவாக மாறியது. பாக்டீரியாவின் வகைகளும் கூடின. சிறிய ஆய்வுதான் என்றாலும், புகையை விட்ட முதல் இரண்டு மாதங்களில் குடல் தன்னை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்று கருத அது இடம் தருகிறது. அந்த இரண்டு மாதங்களில் நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு வழக்கத்தைவிட மதிப்பு கூடுதல் என்பது என் உறுதியான கருத்து.

எடை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மருந்தின் துணை இல்லாமல் புகையை விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது. இதற்குப் பசி மட்டும் காரணம் அல்ல என்பதை இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ஏரன் எலினாவ் குழுவினர் எலிகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்துகிறது. புகை நிறுத்தப்பட்ட எலிகள் வேகமாக எடை கூடின. ஆனால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்த எலிகளில் அந்த ஏற்றம் பெரிதும் மட்டுப்பட்டது. மனிதர்கள் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல, அப்படிச் செய்வது தீங்கு. எடை ஏறுவது மன உறுதிக் குறைவால் மட்டுமே என்று யாரும் தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்து, சூடேற்றும் புகையிலைக் கருவிகள். 2014இல் ஜப்பானின் நகோயாவிலும் இத்தாலியின் மிலானிலும் ‘ஐகாஸ்’ என்னும் இத்தகைய கருவி விற்பனைக்கு வந்தது முதல், ‘எரிப்பதில்லை, சூடாக்குவது மட்டும்தான்’ என்ற பேச்சு உலகெங்கும் பரவியிருக்கிறது. சிகரெட்டின் நுனி இழுக்கும்போது 800 டிகிரி செல்சியஸையும் தாண்டி எரிகிறது. ஐகாஸ் புகையிலையை ஏறத்தாழ 350 டிகிரி வரை சூடாக்குகிறது. எரிதல் இல்லாததால் கார்பன் மோனாக்சைடும் பல நச்சுப் பொருள்களும் குறைகின்றன என்பது உண்மை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2020 ஜூலையில், முழுமையாக இதற்கு மாறுபவர்களுக்குத் தீங்கான வேதிப்பொருள்கள் உடலில் சேர்வது குறையும் என்று விளம்பரப்படுத்த அனுமதித்தது. ஆனால் நோய் வரும் ஆபத்து குறையும் என்று சொல்ல அனுமதிக்கவில்லை. குடலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. நச்சு குறைந்தாலும் நிக்கோட்டின் ஏறத்தாழ சிகரெட்டின் அளவிலேயே கிடைக்கிறது. குடலில் தேங்குவதும் குடலசைவைத் தூண்டுவதும் அந்த நிக்கோட்டின்தான். இந்தக் கருவிக்கு மாறியவருக்கு வயிறு பழையபடியே இறங்குகிறது என்றால், குடல் இன்னும் நிக்கோட்டின் தூண்டுதலை விடவில்லை என்றே கொள்ள வேண்டும். பகலில் கருவியும் இரவில் சிகரெட்டுமாக இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவருக்கு நச்சுக் குறைவு என்னும் அந்த ஆதாயமும் பெரும்பாலும் கைநழுவிவிடும்.

புகையிலையே இல்லாத மின் சிகரெட்டும் குடலுக்குத் தீங்கில்லாதது என்று சொல்வதற்கில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நிக்கோட்டின் கலக்காத மின் சிகரெட் ஆவியை நீண்ட நாள் சுவாசித்த எலிகளிலும் குடல் சுவரின் செல் இணைப்புகள் தளர்ந்து அழற்சி தோன்றியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் சட்டம் மின் சிகரெட்டையும் சூடேற்றும் கருவிகளையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. சிங்கப்பூரிலும் இவை தடை செய்யப்பட்டவை. வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒன்றை வாங்கி வரலாம் என்று நினைப்பவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விடும் நாளைக் குறித்தபின் அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நார்ச்சத்தைக் கூட்டத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் 11 கிராமும் முழுப் பச்சைப்பயறில் 17 கிராமும் இருக்கின்றன. நாம் செரிக்க முடியாத இந்த நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன; குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான். ஆகவே காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது களி, மாலையில் வடையும் பஜ்ஜியும் இருந்த இடத்தில் சுண்டல், மதியச் சோற்றோடு வாழைத்தண்டோ வாழைப்பூவோ முருங்கைக்கீரையோ ஒரு பொரியல் என்று மாற்றினாலே பெரும் வேறுபாடு தெரியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வாயு நிறைந்து வயிறு வலிக்கும். மூன்று நாளைக்கு ஒரு மாற்றம் என்று நிதானமாகப் போவதே நல்லது. இரவில் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயத்தோடும் மோரோடும் சாப்பிடும் பழைய சோற்றையும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. இரவு முழுதும் நொதித்ததில் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும்.

விட்ட நாளிலிருந்து டீ, காப்பியைப் பாதியாகக் குறையுங்கள். இதைப் பலரும் சொல்வதில்லை. புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமாகக் குடிக்கும் நான்கு டீயே அதிகமாகிப் படபடப்பு, தூக்கமின்மை, நெஞ்செரிச்சல் எல்லாம் வரும். புகையை விட்டதால்தான் இப்படி ஆகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். இதே நொதியால் சிதையும் தியோஃபிலின் போன்ற ஆஸ்துமா மருந்துகளையும் குளோசபைன், ஒலான்சபைன் போன்ற மனநல மருந்துகளையும் எடுப்பவர்கள் புகையை விடும் நாளை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

புகையை விடத் துணையாக நிக்கோட்டின் சூயிங்கம் பயன்படுத்துபவர்களுக்கு விக்கலும் வயிற்றெரிச்சலும் வருவது பெரும்பாலும் மெல்லும் முறையால்தான். சாதாரண பபிள்கம் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். காரம் போன்ற ஒரு சுரீர் உணர்வு வரும் வரை மெதுவாக மென்று, பிறகு அதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, அந்த உணர்வு மங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படியே அரை மணி நேரம். மெல்லுவதற்குக் கால் மணி முன்பிருந்து காப்பியோ பழச்சாறோ குடிக்கக்கூடாது. அமிலம் நிக்கோட்டினை வாயில் உறிஞ்சப்பட விடாது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைத்தவர்களுக்கு 4 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு 2 மில்லிகிராமும் பொதுவாகப் பொருந்தும். சில வகைகளில் சேர்க்கப்படும் சார்பிட்டால் என்னும் இனிப்பூட்டி வயிற்றில் வாயுவை உண்டாக்கலாம். சூயிங்கத்திலும் நிக்கோட்டின் இருக்கிறதே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதில் புகை இல்லை, சில மாதங்களில் குறைத்து நிறுத்துவதற்கென்றே அது கொடுக்கப்படுகிறது. சூடேற்றும் கருவியை அப்படி யாரும் விற்பதில்லை.

மலச்சிக்கல் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். காலையில் வெந்நீர், அரை மணி நடை, பிறகு அவசரமில்லாமல் கழிப்பறையில் சற்று நேரம் என்று குடலுக்கு ஒரு புதிய வேளையைப் பழக்குங்கள். போதவில்லையென்றால் இரவில் இசப்கோல் உமியை ஒரு பெரிய டம்ளர் நீரில் கலந்து உடனே குடிக்கலாம். நீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். விலை உயர்ந்த புரோபயாடிக் மாத்திரைகளை இதற்காக வாங்கத் தேவையில்லை என்றே கருதுகிறேன். வீட்டுத் தயிரும் மோரும் போதும்.

குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் குரோன்ஸ் நோய் உள்ளவர்களுக்குப் புகை நோயை முற்ற வைக்கிறது. விட்டால் நோய் திரும்பத் தாக்குவது குறைகிறது. பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களின் நிலை வேறு: புகையை விட்டபின் அந்நோய் தோன்றுவதோ கிளர்ந்தெழுவதோ உண்டு. அதற்காகப் புகைத்துக்கொண்டே இருப்பது தீர்வாகாது, ஆனால் குடல் மருத்துவரிடம் சொல்லி மருந்தைச் சரிப்படுத்திக்கொண்டு விட வேண்டும். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவுக்கு மருந்து எடுக்கப் போகிறவர்கள் புகையை அதற்கு முன்பே விட்டுவிடுவது நல்லது. புகைப்பவர்களுக்கு அந்தச் சிகிச்சை தோற்பது அதிகம்.

துணை வேண்டுமானால் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச தேசிய எண்ணை அழைக்கலாம். மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, விட்டபின் எடை ஏறுவதற்கு மாறாகக் காரணமின்றி இறங்கினாலோ, மலச்சிக்கல் ஆறு வாரத்தைத் தாண்டினாலோ அது புகையை விட்டதன் விளைவுதான் என்று வீட்டில் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். எத்தனை ஆண்டு புகைத்தீர்கள், எப்போது விட்டீர்கள், இப்போது நிக்கோட்டின் எந்த வடிவில் எடுக்கிறீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.