ரக்பியில் யாரை எங்கே நிறுத்துவது?
பொள்ளாச்சிப் பக்கம் பசங்களைச் சேர்த்து ரக்பி அணி போடப் போகிறீர்களா? சரி, சட்டை எண்தான் இடம்: 1 முதல் 8 வரை முன்னால் முட்டித் தள்ளும் ஃபார்வர்டுகள், 9 முதல் 15 வரை பின்னால் நின்று பந்தோடு ஓடும் பேக்குகள்.

கபடியில் கார்னர் நிற்கும் கட்டையான ஆட்களை 1, 3-இல் ப்ராப்பாக, அதாவது முன்வரிசையின் இரு ஓரத்திலும் தாங்குபவர்களாக, நிறுத்துங்கள். ஸ்க்ரம்மில், அதாவது இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்துக் குனிந்து முட்டித் தள்ளும்போது, எதிரணியின் பாரம் இவர்கள் கழுத்திலும் தோளிலும் இறங்கும் என்பதால், பழக்காத பையனை அங்கே விடவே கூடாது. நடுவில் 2, ஹூக்கர், பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர், பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே எறியும் லைன்அவுட்டில் பெரும்பாலும் எறிபவரும் அவரே. நெட்டையானவர்கள் 4, 5. ஓயாமல் ஓடி மடக்க 6, 7. ஸ்க்ரம்மின் கடைசியில் 8.

9 பந்தை எடுத்துத் தர, உதைப்பதா கை மாற்றுவதா என்று 10-ஆம் எண் பையன் சட்டென முடிவெடுக்கணும், கூச்சப்படுகிற பையன் அங்கே சரிப்பட மாட்டான். நடுவில் முட்ட 12, 13. ஓரத்தில் பறக்க 11, 14. கடைசிக் காவல் 15, உயரப் பந்துக்குப் பயந்தால் ஆகாதுங்க.