ஃபைலைக் காணோமா? முதலில் மவுசிலிருந்து கையை எடுங்கள்

போன மாசி மாதம் பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி காலை ஏழு மணிக்கு போன் செய்தார்கள். "ஏத்தா, எங்க ஐயா ரங்கூன்லேர்ந்து எழுதுன கடுதாசி அம்புட்டும் போச்சுத்தா. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல."

அந்தக் கடிதங்களை ஸ்கேன் செய்து கொடுத்தவள் நான்தான். காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மணிவிழா மலர், கும்பாபிஷேக அழைப்பிதழ் அடிப்பதுதான் தொழில். பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்வது பின்னால் சேர்ந்துகொண்டது. வீட்டு ஆவணம் என்பதால் கடைக் கணினியில் நான் பிரதி வைத்துக்கொள்வதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைவதற்கு முன்னால் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, அங்கே போன மனிதர் தன் வீட்டுக்கு எழுதிய முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள் அவை. தாள் பொடிந்துகொண்டிருந்தது. பாதித் தாளை இனிமேல் பிரிக்கக்கூட முடியாது.

போனில் நான் சொன்னது ஒன்றுதான். "ஆச்சி, எதையும் தொடாதீங்க. கணினி அப்படியே இருக்கட்டும். நான் பஸ் பிடிச்சு வர்றேன்."

உங்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன். வீட்டுக் கணினியில் ஃபைல் தானாக அழிந்துபோவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். காணவில்லை என்ற பதற்றத்தில் எதையாவது இன்ஸ்டால் செய்வதும், அழிப்பதும், ஃபார்மட் போடுவதும்தான் ஃபைலை உண்மையாகவே தொலைக்கின்றன. ஒரு ஃபைலை அழிக்கும்போது கணினி பேரேட்டில் அதன் வரியை மட்டும்தான் அடிக்கிறது. சரக்கு உள்வீட்டில் அப்படியேதான் கிடக்கும். அந்த இடத்தில் வேறு சரக்கை இறக்கும்போதுதான் பழையது போகிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினிக்கு இது பொருந்தும். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை டிஸ்க் உள்ள கணினிகளில் அழித்த இடத்தைக் கணினியே சீக்கிரம் துடைத்துவிடும். அங்கே ரீசைக்கிள் பின்னைத் தாண்டிவிட்டால் மீட்பது கடினம்.

ஆச்சி வீட்டுக் கதைக்கு வருகிறேன். டெஸ்க்டாப் வெறுமையாக இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் முதல் நாள் இரவு போனில் வழி சொல்ல, ஆச்சி ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்டிரைவ் என்பது ஃபைல்களை இன்டர்நெட்டில் சேமித்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி. இந்த ஒரு விஷயம் எத்தனையோ வீடுகளில் கண்ணீரை வரவழைத்திருக்கிறது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கியதும் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் சத்தமில்லாமல் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடுகின்றன. பார்வைக்கு எதுவும் மாறாது. பிறகு பேக்கப்பை நிறுத்தினால் பல நேரம் கணினி பழைய, காலியான டெஸ்க்டாப்பைக் காட்டும். ஃபைல்கள் ஒன்டிரைவுக்குள்ளேயே இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து இடதுபக்கம் ஒன்டிரைவ் என்பதைச் சொடுக்கி, உள்ளே டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். கடிதங்கள் முழுவதும் அங்கேதான் இருந்தன.

ஆனால் அங்கிருந்து வெட்டி எடுக்குமுன் ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் உள்ள சின்னத்தைக் கவனியுங்கள். நீல மேகம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் கணினியில் இல்லை, இன்டர்நெட்டில்தான் இருக்கிறது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றிலும் பச்சை டிக் வரும்வரை காத்திருங்கள். பிறகு நகல் எடுங்கள். ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜி.பி. மட்டும். அது நிறைந்ததும் புதிய ஃபைல்கள் மேலே போகாமல் நின்றுவிடும். இன்னொன்று: ஒன்டிரைவ் ஃபோல்டரில் அழிப்பது இன்டர்நெட்டிலும் அழிகிறது. அப்படி அழித்திருந்தால் ஒன்டிரைவ் இணையதளத்தில் தனி ரீசைக்கிள் பின் இருக்கிறது. சொந்தக் கணக்கில் 30 நாள் வரை அதில் இருக்கும். நாட்களை எண்ணிக்கொண்டு உடனே போய்ப் பாருங்கள்.

ஒன்டிரைவே இல்லாத கணினி என்றால் எங்கே தேடுவது? மவுஸ் இழுவையில் ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. நடந்தது இப்போதுதான் என்றால் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள், திரும்பி வந்துவிடும். அடுத்தது ரீசைக்கிள் பின். அதில் 'டேட் டெலீட்டட்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் அழித்த நாள் வரிசையில் நிற்கும். வேண்டியதன் மேல் ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுத்தால் இருந்த இடத்துக்கே போய்விடும். பென்டிரைவிலிருந்து அழித்தவையும், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அழித்தவையும் ரீசைக்கிள் பின்னுக்கு வரவே வராது. மூன்றாவதாக, 'திஸ் பி.சி.' என்பதற்குள் போய் மேல் மூலையில் பெயரின் ஒரு பகுதியை மட்டும் அடித்துத் தேடுங்கள். முழுப் பெயர் வேண்டாம், ஒரு எழுத்து மாறினாலும் கிடைக்காது.

இவை எதிலும் அகப்படவில்லை, அழிந்தே போய்விட்டது என்றால் அந்தக் கணினியில் மேற்கொண்டு வேலை செய்யாதீர்கள். ரெக்குவா, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை இன்னொரு கணினியில் இறக்கி பென்டிரைவிலிருந்து ஓட்டுங்கள். மீட்டெடுத்ததையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் இதையும் செய்யாதீர்கள். கணினியை அணைத்துவிட்டு, டேட்டா மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

விலாசமும் புள்ளியும்

எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் விலாசம், அதாவது முன்னோர் பெயர்ச் சுருக்கம், போடுவது வழக்கம். மெ.சித., ராம.அழ. என்று இரண்டு தலைமுறை அதில் அடங்கிவிடும். ஃபைலுக்குப் பெயர் வைக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. விலாசம், வருடம், விஷயம். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்த ஓலைக்கு 'மெ.சித-1938-இசைகுடிமானம்' என்று வைத்தால் ஐம்பது வருடம் கழித்துத் திறக்கிற பேரனுக்கும் புரியும்.

ஆனால் விண்டோஸுக்கும் புள்ளிக்கும் சில தகராறுகள் உண்டு. ஃபோல்டர் பெயர் புள்ளியில் முடிந்தால் விண்டோஸ் அந்தக் கடைசிப் புள்ளியைச் சொல்லாமலே நீக்கிவிடும். அதனால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஃபைலின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஜேபிஜி, பிடிஎஃப் என்று வருகிற வால்தான், அதை எதில் திறப்பது என்று கணினிக்குச் சொல்கிறது. பெயர் மாற்றும்போது அந்த வாலையும் சேர்த்து அழித்துவிட்டால் படம் வெள்ளைத் தாளாக நிற்கும். 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று என்னிடம் வருவதில் நிறைய இந்த வகைதான். விண்டோஸ் 11-ல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். வால் கண்ணுக்குத் தெரியும். போனதைத் திரும்ப எழுதினால் படம் திறந்துவிடும். படம் என்று வந்த ஃபைலின் வால் இஎக்ஸ்இ என்று இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அது படமில்லை.

தேதியை 12/4/2019 என்று சாய்கோட்டோடு எழுத கணினி விடாது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் எதையும் பெயரில் ஏற்காது. 2019-04-12 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதுங்கள். ஃபைல்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஒரு ஃபைல் இருக்கும் முழுப் பாதையும், அதாவது டிரைவ், ஃபோல்டர், உள் ஃபோல்டர், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்து, விண்டோஸில் வழக்கமாக 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். கணினி தமிழை நம்மைப்போல எண்ணுவதில்லை. 'கு' என்பது நமக்கு ஒரு எழுத்து. அதற்கு 'க' ஒன்று, உகரக் குறி இன்னொன்று. 'இசைகுடிமானம்' நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 12. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, முகப்பு தாண்டி வளவு, வளவு தாண்டி இரண்டாங்கட்டு என்று நீளப் பெயர்களாக அடுக்கினால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். அப்புறம் நகல் எடுக்க முடியாது, சில நேரம் அழிக்கவும் முடியாது, 'பாத் டூ லாங்' என்று சொல்லும். மேல் ஃபோல்டர்களின் பெயரை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்குங்கள். இல்லையென்றால் ஃபோல்டரை டி டிரைவின் தலைவாசலுக்கே நகர்த்துங்கள். அதற்குப் பிறகு நகல் எடுக்க விடும்.

எழுத்து உடைந்த பழைய ஃபைல்கள்

இதைப் பற்றிப் பேசினால் நான் நிறுத்தமாட்டேன். 2010-க்கு முன்னால் அடித்த மலர்களும், கோயில் வரலாறுகளும், பாட்டுத் தொகுப்புகளும் பெரும்பாலும் பாமினி, வானவில், டாம், டாப் போன்ற எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துரு மட்டும்தான் அந்தக் கணினியில் இல்லை.

வார்த்தைக்கு வார்த்தை அரைப்புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் பாமினி வகை. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியைத்தான் வைத்திருக்கிறார்கள். வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். கணினியில் இல்லாவிட்டாலும் பழைய எழுத்துருவின் பெயர் அங்கே எழுதியிருக்கும். பழைய கணினி பரணில் கிடந்தால் அதன் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துவந்து, ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். திறந்ததும் தமிழ் வந்துவிடும். பிறகு ஒரு நகலை மட்டும் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக, அதாவது இன்றைய கணினிகள் எல்லாம் படிக்கும் பொது எழுத்து முறைக்கு, மாற்றுங்கள். மூலத்தை அப்படியே வையுங்கள், மாற்றத்தில் ஒற்றும் கொம்பும் சில இடங்களில் பிசகும். பேஜ்மேக்கர் ஃபைல் என்றால் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே பி.டி.எஃப். எடுத்துவிடுங்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த 7. அதன் இடத்தை இன்டிசைன் என்ற வேறு மென்பொருள் பிடித்துக்கொண்டது.

பென்டிரைவுத் தொல்லைகள்

வெளியில் எங்கேயோ பிரிண்ட் எடுக்கப் போய்த் திரும்பிய பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டதா? சின்னத்தின் மூலையில் வளைந்த அம்புக்குறி இருக்கும். அதைச் சொடுக்காதீர்கள், சொடுக்கினால்தான் வைரஸ் ஓடும். உங்கள் ஃபோல்டர்கள் மறைத்துவைக்கப்பட்டிருக்கின்றன, போய்விடவில்லை. முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியால் பென்டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' வழியாக 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' திறந்து, வியூ பக்கத்தில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். மங்கலாக ஃபோல்டர்கள் தெரியும். கணினியில் புதிய ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, மங்கலான ஃபோல்டருக்குள் இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் அதற்கு நகல் எடுங்கள். எல்லாம் வந்ததைத் திறந்து பார்த்த பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

கல்யாண வீடியோ பென்டிரைவில் ஏறவில்லை, ஆனால் இடம் நிறைய இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ். 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் போதும்.

'ஃபைல் இன் யூஸ்' என்று அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாவிட்டால் ஏதோ ஒன்று அதைத் திறந்துவைத்திருக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய கணினியின் டிஸ்க்கைப் புதியதில் மாட்டியதும் 'பெர்மிஷன் இல்லை' என்று சொல்வது வேறு கதை. வீட்டின் சொந்தக்காரர் பெயர் இன்னும் மாறவில்லை என்று பொருள். 'கன்டின்யூ' கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும். திறக்காவிட்டால் ஃபோல்டரின் ப்ராபர்டீஸில் செக்யூரிட்டி, அதில் அட்வான்ஸ்ட், அங்கே 'ஓனர்' வரியில் 'சேஞ்ச்' கொடுத்து உங்கள் கணக்கின் பெயரை எழுதி, கீழே உள் ஃபோல்டர்களுக்கும் மாற்று என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இதை உங்கள் ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள், சி டிரைவ் முழுவதுக்கும் வேண்டாம். டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் சாவி கேட்டால் 48 இலக்கச் சாவி வேண்டும். பழைய கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்

தேவகோட்டையில் ஒரு குடும்பம். அறுபதாம் கல்யாணப் படங்கள் முழுவதும் டி டிரைவில் இருந்தன. கணினி மெதுவாக ஓடுகிறது என்று ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். ஃபார்மட் செய்து, விண்டோஸ் ஏற்றி, சுத்தமாகத் திரும்பி வந்தது. படத்தில் இருந்த பெரியவர் அதற்குள் காலமாகியிருந்தார். என்னால் மீட்க முடிந்தது பதினோரு படங்கள் மட்டும். அன்று அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆகவே கணினியை வெளியே கொடுக்கும் முன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு கணினியில் நாலு ஃபைலைத் திறந்து பார்த்து, அதைப் பெட்டகத்தில் வையுங்கள். பள்ளத்தூர் ஆச்சிக்கு இரண்டு டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். ஒன்று ஆச்சியிடம், ஒன்று மதுரையில் மகளிடம். பொங்கலுக்கு மகள் வரும்போது இரண்டையும் மாட்டித் திறந்து பார்ப்பது என்று பேசிவைத்திருக்கிறோம். கணினியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'எங்களைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம். டி டிரைவைத் தொட வேண்டாம்.' கீழே உங்கள் போன் நம்பர்.