கேட்டியில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் வரி விகிதத்தைக் கேளுங்கள்

ஹூஸ்டனுக்கு வேலை மாறி வரும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது கேட்டி பக்கம்தான். நல்ல பள்ளிகள், புது வீடுகள், மாலையில் நடக்கப் போனால் காதில் விழும் தமிழ். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குத்தான் ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தூரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பட்டா, வில்லங்கம் எல்லாம் இங்கே டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும். முகவரியில் கேட்டி என்றிருந்தாலும் பள்ளி சை-ஃபேர் என்ற வேறு பள்ளி மாவட்டத்தில் இருக்கலாம், அதைச் சரிபாருங்கள். வேளச்சேரியில் ஏரி எதுவரை இருந்தது என்று கேட்போம் இல்லையா, அப்படியே பார்க்கர் நீர்த்தேக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். 2017 ஹார்வி புயலில் அதில் தேங்கிய தண்ணீர் பின்னுக்கு ஏறி, வெள்ள அபாயப் பகுதி என்று குறிக்கப்படாத வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

எங்களைக் கவிழ்த்தது வரி. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, வீட்டு வரிதான் பெரிது. புதுக் குடியிருப்பென்றால் தண்ணீர், சாக்கடைக் குழாய் போட்ட கடனுக்காக 'மட்' (MUD) என்கிற வரியும் சேரும். எங்கள் தெருவில் மொத்தம் 3 சதவீதம். சாலைக்கு அந்தப் பக்கம், பழைய குடியிருப்பில், அதைவிட நன்றாகவே குறைவு. புது கிரானைட் மேடையைப் பார்த்து மயங்கி, அதை நாங்கள் கேட்கவே இல்லை.

இங்கே ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்துத்தான் அந்த வருட வரி. நாங்கள் மார்ச்சில் குடியேறினோம். ஜனவரியில் அங்கே வெறும் மண். 60,000 டாலர் மனைக்கு மட்டும் வரி போட்டு, அதைக் கட்டுவதற்காக வீட்டுக் கடன் தவணையோடு மாதம் 150 டாலர் வங்கி பிடித்தது. அடுத்த வருடக் கடைசியில் முழு வீட்டுக்கும் பில் வந்தது: சலுகை கழித்து ஏறத்தாழ 10,800. மாதம் 900 ஆக வேண்டும், அதோடு வங்கி பிடித்தது போதாமல் விழுந்த துண்டு 9,000 டாலரை 12 மாதத்தில் அடைக்க இன்னும் 750. தவணை ஒரேயடியாக 1,500 ஏறியது. அந்த வருடம் ஊருக்கு டிக்கெட் போடவில்லை. அம்மாவிடம் போனில் "லீவு கிடைக்கல" என்றேன்.

விற்பனை அலுவலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நீங்களே கேளுங்கள்: மொத்த விகிதம் எவ்வளவு, அதில் மட் எவ்வளவு? அதை வீட்டின் முழு விலையோடு பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, முதல் மாதத்திலிருந்தே அந்தத் தொகையைப் பிடிக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். வங்கி மறுத்தால் மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, பில் வரும்வரை தொடாதீர்கள்.