சிறு பதிப்பகங்கள் மின்னூலை நேரடியாக விற்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும், இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ் படிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; தமிழ்ப் புத்தகக் கடைதான் அரிது. மெலிந்த கவிதைத் தொகுப்பு ஒன்றைத் தபாலில் வரவழைப்பதற்குள் செலவு நூலின் விலையை நெருங்கிவிடுகிறது. இத்தகைய வாசகர்களை நம்பியிருக்கும் எல்லைப்புறப் பதிப்பகம், பெரிய தளங்களில் விற்றாலும் விற்காவிட்டாலும், மின்னூலைத் தானும் நேரடியாக விற்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் எழுத்தாளருடனான ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். (பலரிடம் அது வாய்ப்பேச்சாகவே இருக்கிறது.) பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும்; காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். மூணாறிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் அங்கிருந்தபடி வாங்க வேண்டுமானால், மின்னூல் உரிமையோடு ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்களும் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. பழைய நூல்கள் பலவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் பதிவாகும். யூனிகோடில் பின்னால் பதிவாகும். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டெடுத்த கோப்பில் ‘கொழிஞ்சாம்பாறை’ என்ற பெயரின் முதலெழுத்தே உடைந்து, கொம்பு ஒரு புள்ளிவட்டத்தில் தொங்குவதைக் காணலாம். ஆகவே மாற்றிய பின் மெய்ப்பு முழுவதையும் மீண்டும் ஒருவர் படித்தே தீர வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. கைபேசித் திரைக்கு ஏற்ப வரிகள் மடங்கும் என்பதால் பிடிஎஃப்பைவிட ஈபப் (EPUB) என்ற மின்னூல் வடிவமே நல்லது.

கோப்புக்குப் பூட்டுப் (நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம்) போட வேண்டாம். அறிவியல் புனைவு பதிப்பகமான டோர் 2012லேயே பூட்டைக் கைவிட்டது. வாங்கியவரின் பெயரை முதல் பக்கத்தில் அச்சிட்டுத் தந்தால் போதும். பணத்துக்கு யுபிஐ வசதி இருக்கட்டும்.

அமேசானின் கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை பெற அதன் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும், உங்கள் தளத்திலும்கூட, விற்க முடியாது. நேரடி விற்பனையைத் தொடங்குபவர் அதில் சேராமல், கிடைக்கும் 35 சதவீதத்தோடு நிற்பதே நல்லது.

அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 2018 ஜூலையிலிருந்து 5 சதவீதம் உண்டு. ஜிஎஸ்டி பதிவு பெற்ற தமிழ்நாட்டுப் பதிப்பகம் வாளையாறு எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள வாசகருக்கு விற்றால் அது ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கான வரி) என்பதால், பில்லில் வாசகரின் மாநிலத்தைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அனுமதி பெற்று அவருடைய மின்னஞ்சலையும் வாங்கி வையுங்கள். பிழை திருத்திய கோப்பை அதே முகவரிக்கு இலவசமாக அனுப்பலாம்.