"காம்ப்ரமைஸ் பண்ணிப் போயிடும்மா"

பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்த வாக்கியம் ஒருமுறையாவது வந்துவிடும்: "கொஞ்சம் காம்ப்ரமைஸ் பண்ணிப் போயிடும்மா." சொல்பவர் பெரும்பாலும் மாமா அல்லது பெரியப்பா. கேட்டுக்கொள்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண். மாமாவின் மனதில் இருப்பது "சண்டை வேண்டாம்". அவள் காதில் விழுவது "கையெழுத்துப் போடு".

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. வள்ளலார் 1872-இல் தன் சங்கத்துக்குச் 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' என்று பெயர் வைத்தபோது, சமரசம் என்றால் எல்லாரையும் சமமாகப் பாவிப்பது. யாரும் எதையும் இழக்கும் பேச்சே அதில் இல்லை. பழைய நீதிமன்ற வழக்கில் 'ராஜிநாமா' என்பது வழக்காடியவர்கள் ஒத்துப்போனதாக எழுதிக்கொடுக்கும் தாள். "ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க" என்று ஊரில் சொல்வதும் அந்த 'ராஜி'தான். வேடிக்கை என்னவென்றால், இன்று ராஜிநாமா என்றால் வேலையை விட்டு விலகுவது! 'காம்ப்ரமைஸ்' வேறு ரகம். "தரத்தில் காம்ப்ரமைஸ் கிடையாது" என்று நகைக்கடை விளம்பரம் சொல்லும்போது அது இழுக்கான சொல். ஆக ஒருவருக்குச் சமத்துவம், ஒருவருக்கு ஒப்பந்தம், இன்னொருவருக்குத் தரம் தாழ்வது. எந்தப் பொருளில் பேசுகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமலே பேச்சை ஆரம்பிப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, ஒருவர் மட்டும் விட்டுக்கொடுப்பதைச் சமரசம் என்று அழைப்பது. இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே திருமணமாகிப் போனவர்கள் அதில் சேரவில்லை. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கதவையும் திறந்தது. இருந்தும் என்ன நடக்கிறது? "உனக்குத்தான் நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்று சொல்லி, தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவள் உரிமை, யாரும் குறுக்கே நிற்க முடியாது. ஆனால் அதற்குப் பெயர் விட்டுக்கொடுத்தல். சமரசம் என்றால் அண்ணனும் எதையாவது கீழே வைத்திருக்க வேண்டும். "அண்ணன் என்ன விடுறார் மாமா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், கூடத்தில் சட்டென்று மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

பாதிக்குப் பாதி வெட்டுவதே நியாயம் என்று நினைப்பதும் தவறுதான். நமக்கெல்லாம் பேரம் பேசிப் பழக்கம். நடுவர் பாதியில்தான் முடிப்பார் என்று தெரிந்தால், விவரமானவர் முதலிலேயே இரண்டு மடங்கு கேட்பார். நியாயமாகக் கேட்டவர் நஷ்டப்படுவார். அதைவிட, யாருக்கு எது எதற்காக வேண்டும் என்று விசாரிப்பது மேல். ஒருவருக்கு ரோட்டோர மனையின் விலை முக்கியம். இன்னொருவருக்கு அம்மா கடைசிவரை அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. இரண்டையும் பாதியாக வெட்டத் தேவையே இல்லாமல் போகலாம்.

எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்பது இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசப் பேச்சில் கலந்துகொள்வதற்காக இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் தனக்கு அதில் விருப்பமில்லை என்று சொன்னார். ஜூலை 1-ஆம் தேதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வேறொரு வழக்கில், இத்தகைய குற்றங்களில் சமரசத்தை எந்தச் சூழலிலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதம் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது, அதைப் பாருங்கள்: அந்தப் பெண்களுக்கு நன்கு பழகிப்போன இரண்டு சொற்கள் 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்கிறது. அங்கே அந்தச் சொல் மிரட்டலுக்குப் போட்ட முகமூடி. அடித்தவனையும் அடிபட்டவளையும் எதிரெதிரே உட்காரவைத்து "ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம்" என்று ஆரம்பிக்கும் கட்டப்பஞ்சாயத்தும் இதே வகையறா.

அப்புறம், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பேச்சை வாய்வார்த்தையிலேயே முடிப்பது. இரண்டு பொங்கல் போனதும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஆரம்பிக்கும். வழக்கு நிலுவையில் இருந்தால், இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3. மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே வரும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதைப் பலர் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே கையெழுத்துக்கு முன், "நான் எதை விடுகிறேன், எனக்கு என்ன வருகிறது, எந்தத் தேதிக்குள்" என்று ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லிவிடுவது நல்லது. தாளில் எங்காவது "மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், பேனாவை மூடி வைத்து, எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருங்கள்.