குடிக்கும் இரவும் எச்ஐவி ஆபத்தும்: முதல் கிளாசுக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

ஒரே கிளாசில் இருவர் குடிப்பதால் எச்ஐவி தொற்றாது. ஆபத்து வேறு வழியில் வருகிறது. போதை ஏற ஏற, கண்முன் இருப்பது மட்டுமே மூளைக்குத் தெரியும். நாளைய கவலை மங்கிப்போகும். ஆணுறை இல்லாமல் முடியாது என்று மாலையில் சொன்னவரே நள்ளிரவில் "ஒரு தடவைதானே" என்பார். போதை ஊசி போடுபவர் அடுத்தவர் ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்வதும் இப்படித்தான். ஆகவே முடிவுகளைத் தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

முதலில் அளவு. மில்லிலிட்டரை மதுவின் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்கினால் அதில் எத்தனை கிராம் சுத்த ஆல்கஹால் என்று தெரியும். 5% பீர் 330 மி.லி. என்றால் சுமார் 13 கிராம்; 40% விஸ்கி 180 மி.லி. என்றால் சுமார் 58 கிராம். ஒரே தடவையில் 60 கிராமைத் தொட்டாலே அதை மிகைக்குடி என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். காபியும் குளியலும் அதை வேகப்படுத்தாது.

ஆணுறையும் நீர் அடிப்படையிலான வழுக்குப் பசையும் கைப்பையிலோ சட்டைப்பையிலோ இருக்கட்டும். போதையில் விரல் தடுமாறும். உறையைப் பல்லால் கிழிப்பார்கள், உள்ளே ஆணுறையும் கிழியும். இன்னொரு தவறு அதிகம் நடக்கிறது: தலைகீழாக வைத்துப் பார்த்து, உருளவில்லை என்றதும் அதையே திருப்பிப் போடுவது. அதன் வெளிப்புறத்தில் ஏற்கெனவே கசிவு பட்டிருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுங்கள். எண்ணெய், வாசலின் வேண்டாம், லேடெக்ஸ் (ஆணுறையின் ரப்பர்) பலவீனமாகும்.

பிரெப் மாத்திரை (தொற்று வராமல் முன்கூட்டியே சாப்பிடுவது) எடுப்பவர்கள், குடிக்கப்போகிறோம் என்று அன்றைய மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். இது வீண் பயம். பிரெப்பில் உள்ள டெனோஃபோவிர்–எம்ட்ரிசிடபின் மருந்துகள் வேலை செய்வதை மது தடுக்காது, மறதிதான் தடுக்கிறது. காலையில் பல் துலக்கும்போதே விழுங்கிவிடுங்கள். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். பிரெப் தொடங்கும் முன் எச்ஐவி, சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி சோதனைகள் தேவை.

மறுநாள் காலை எதுவும் சரியாக நினைவில்லையா? நினைவு திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெப் சிகிச்சையை (ஆபத்து நேர்ந்த பிறகு தொற்றைத் தடுக்கச் சாப்பிடுவது) 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெள்ளி இரவு 11 மணிக்கு நடந்தது என்றால் திங்கள் இரவு 11 மணியோடு கெடு முடிகிறது. நடுவில் விடுமுறை வரும். அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்து 28 நாள். சுயநினைவில்லாதபோது யாராவது உறவு கொண்டிருந்தால் அது பாலியல் வன்முறை. குடித்திருந்தது உங்கள் குற்றமாகாது, சிகிச்சை கேட்கத் தயங்க வேண்டாம். மறுநாளே எடுக்கும் சோதனை அந்த இரவைப் பற்றி எதுவும் சொல்லாது: பெப் எடுக்காதவருக்கு, ரத்தநாளத்திலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜன்–ஆன்டிபாடி சோதனையில் தொற்று தெரிய 18 முதல் 45 நாள் ஆகும்.

தினமும் நிறையக் குடிப்பவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. மேலே போட்ட கிராம் கணக்கை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.