சம்பளம், கிம்பளம், நடுவில் ஒன்று

அரசு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சம்பளம் என்றால் தெரியும், கிம்பளம் என்றாலும் தெரியும். ஒன்றை வாங்கலாம், மற்றதை வாங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. மனைவி பேரில் ஒரு டிராக்டர், கணவர் நடத்தும் கடை, அண்ணன் கூட்டாக எடுத்த குளத்து மீன்பாசி குத்தகை, ஞாயிற்றுக்கிழமை டியூஷன். யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் அந்தக் காசும் உங்கள் மேஜைக்கு வரும் ஃபைலும் நேருக்கு நேர் வந்து நிற்கும். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும், அதற்கு முன்பே என்ன செய்து வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவரை எழுதுகிறேன்.

நான் 1986இல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2018இல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் யாராவது வந்து கேட்டால், முதலில் என் கதையைத்தான் சொல்வேன்.

1999இல் ஒரு தாலுகா அலுவலகத்தில் முதியோர் பென்ஷன் செக்ஷனில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். என் வீட்டுக்காரர் எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை போட்டிருந்தார். வேறு பிழைப்பு அவருக்குக் கிடையாது, எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. மனுவோடு இரண்டு செட் நகல் இருந்தால் போதும். எங்கள் செக்ஷனில் நான்கு கேட்போம். எனக்கு முன்னால் இருந்தவர் நான்கு கேட்டார், நானும் கேட்டேன், அவ்வளவுதான். மிச்ச இரண்டு செட்டும் ரேக்கில் கிடந்து மஞ்சள் பூத்து, கடைசியில் பழைய பேப்பரோடு போகும்.

முன்னீர்பள்ளம் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வந்தார். நான்கு செட் கேட்டேன். போய் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: “ரெண்டு போதும்னு கடைக்காரரே சொன்னாரு. நாலு கேக்கியளே, அது நம்ம வீட்டுக் கடையாம்மா?”

‘நம்ம வீட்டுக் கடை’ என்று மரியாதையாகத்தான் கேட்டார். அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்குச் சுமார் 30 மனு, ஒரு மனுவுக்குக் கூடுதலாக 6 தாள், தாளுக்கு 1 ரூபாய். வாரம் 180 ரூபாய். எல்லோரும் எங்கள் கடைக்கே போயிருக்க மாட்டார்கள்தான். போனவரை எவ்வளவோ, அது என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லால் என் வீட்டுக்குள் வந்த காசு. சோறு இல்லாமல் பென்ஷன் கேட்டு வந்தவர்களின் காசு.

சரி, என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதல் வேலை, ஒரு நோட்டு வாங்கி உங்கள் வீட்டுக்குள் வரும் காசு அத்தனையையும் எழுதுவது. உங்கள் சம்பளத்தை விட்டுவிடுங்கள், அது ஊருக்கே தெரியும். கணவர் அல்லது மனைவி, கூட இருக்கும் பெற்றோர், சம்பாதிக்கும் பிள்ளை, இவர்களுக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்று எழுதுங்கள். கொழுந்தன், மச்சான், சித்தப்பா மகன் இவர்கள் தொழிலையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். விதிப்புத்தகம் அவர்களைக் குடும்பம் என்று சொல்லாமல் இருக்கலாம், ஆனால் ஊர் சொல்லும். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதுங்கள்: இந்தத் தொழில் சம்பந்தமான தாள் எதுவாவது என் அலுவலகத்துக்கு வருமா?

நிறைய வரிகளுக்கு ‘வராது’ என்றுதான் பதில் இருக்கும். பரம்பரை வயலில் விளைந்த பிசானத்து நெல்லை விற்ற காசு யாரையும் உறுத்தாது. ஆனால் நீங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தால் அதே நெல் உறுத்தும். வேலையை ஒட்டித்தான் கேள்வி. அதனால் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் நோட்டை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973. தபால் துறை, மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் என்று மத்திய அரசில் இருப்பவர்களுக்கு 1964ஆம் வருஷத்து மத்திய விதிகள். முன் அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ பார்க்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. எப்போதாவது கதை, கட்டுரை எழுதுவது, சம்பளம் வாங்காமல் சமூகத் தொண்டு செய்வது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, அதுவும் ஆபீஸ் வேலை கெடாதவரை. மத்திய விதி 15 இன்னும் ஒரு படி போகிறது. குடும்பத்தில் ஒருவர் வியாபாரமோ இன்சூரன்ஸ் ஏஜென்சியோ நடத்தினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த ஏஜென்சிக்காக நீங்கள் ஆள் பிடிக்கவும் கூடாது. ஏஜென்சி மனைவி பேரில், பாலிசி ஃபாரம் மட்டும் சாரின் மேஜை டிராயரில் இருப்பதை எத்தனையோ ஆபீஸில் பார்த்திருக்கிறேன். மனு கொடுக்க வந்தவரிடம் அந்த ஃபாரத்தை நீட்டினால் அவரால் எப்படி ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்?

ஆசிரியர்களுக்குச் சட்டமே நேராகப் பேசுகிறது. 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம், பிரிவு 28: ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது. டாக்டர்கள் விஷயம் வேறு. நம் மாநிலத்தில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் முடிந்த பிறகு தனியாகப் பார்க்கலாம். காலையில் ஓ.பி.யில் பார்த்த நோயாளியிடம் “சாயந்திரம் கிளினிக்குக்கு வாங்க, நல்லா பார்த்துருவோம்” என்று சொல்லும்போதுதான் அது கோணலாகிறது.

வட்டிக்கு விடுவதைப் பற்றி என்னால் நயமாகப் பேச முடியாது. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்த ஊர் இது. விடாதீர்கள்.

அடுத்தது கடிதம். வேலையில் சேர்ந்த உடனேயோ, வீட்டில் தொழில் தொடங்கிய உடனேயோ கொடுத்துவிடுங்கள். ஃபைல் வந்த பிறகு எழுதினால் அது விளக்கம் மாதிரி இருக்கும். பெரிய மொழி தேவையில்லை. நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

“பொருள்: பணியாளர் நடத்தை விதிகள் – கணவர் நடத்தும் நகலகம் – தகவல் அளித்தல் – தொடர்பாக. என் கணவர் இவ்வலுவலகத்துக்கு எதிரில் நகலகம் நடத்தி வருகிறார். நான் பணிபுரியும் பிரிவுக்கு மனு அளிப்போர் அங்கு நகல் எடுக்கின்றனர். இதனைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருவதுடன், என்னை வேறு பிரிவுக்கு மாற்றி ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன்.”

முதல் வரி தொழில் என்ன என்று சொல்கிறது, இரண்டாவது வரி அது உங்கள் வேலையை எங்கே தொடுகிறது என்று சொல்கிறது. பலரும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். உயிர் இரண்டாவது வரியில் இருக்கிறது. நீங்களே தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால் ‘தகவல் அளித்தல்’ என்று எழுதக் கூடாது, ‘முன் அனுமதி கோருதல்’ என்று எழுத வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை போர்டு மாட்டக் கூடாது.

எங்கள் தாசில்தார் படித்துவிட்டுச் சிரித்தார். “ஜெராக்ஸ் கடைக்கெல்லாமாம்மா லெட்டர்?” என்றார். ஆனாலும் என்னைப் பதிவறைக்கு மாற்றினார். ஆறு மாதம் தூசியிலும் தும்மலிலும் போயிற்று. போவதற்கு முன்னால் செக்ஷனில் இரண்டு செட் போதும் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாள் முகமே சரியில்லை.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துத் தபால் பிரிவில் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் தபால் எண்ணும் வாங்காமல் நகராதீர்கள். அந்தப் பிரதி ஆபீஸில் இருக்கக் கூடாது, வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து, பதவி உயர்வுக்குப் பேனல் போடும் நேரம் பார்த்து என் மேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனது. கணவர் கடைக்கு ஆள் அனுப்புகிறாள் என்று. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆபீஸ் ஃபைலில் என் கடிதத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் இருந்த பிரதிதான் 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு, வராமல் என்னைக் காப்பாற்றியது.

இனி, நிறையப் பேர் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். அனுமதி வாங்கியாயிற்று, தகவலும் கொடுத்தாயிற்று, இனி எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொழில் நடத்த அனுமதி வேறு, அந்தத் தொழிலைத் தொடும் ஃபைலில் கை வைப்பது வேறு. போன வருஷம் ஒரு தம்பி வந்தான். குளத்து வண்டல் மண் அள்ள அனுமதி தரும் செக்ஷன். “மேடம், டிராக்டர் என் வீட்டுக்காரி பேர்லதான் இருக்கு. லெட்டரும் கொடுத்துட்டேன். வாடகைக்குக் கூப்பிடுறவங்க மண் அள்ள மனு போட்டவங்களாவே இருக்காங்க. நான் என்ன செய்யட்டும்?” என்றான். கேட்டானே, அதுவே பெரிய விஷயம். இப்படி எழுதச் சொன்னேன்:

“இம்மனுவின்படி மண் அள்ளும் பணிக்கு என் மனைவியின் பெயரில் உள்ள டிராக்டர் அமர்த்தப்பட வாய்ப்புள்ளது. எனவே இக்கோப்பை வேறு எழுத்தர் வசம் ஒப்படைக்க ஆணை வேண்டப்படுகிறது.”

இதை ஃபைலில் அலுவலகக் குறிப்பு எழுதும் நோட் பக்கத்திலேயே எழுத வேண்டும். வாயால் சொல்லிவிட்டேன் என்பது ஒரு காசுக்கும் உதவாது. 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி யாரும் அந்த நோட் பக்கத்தைக் கேட்கலாம், அங்கே உங்கள் கையெழுத்து பேசட்டும். ஃபைலில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் அடிக்காதீர்கள், மறைக்காதீர்கள். அதற்குக் கீழே இதை எழுதுங்கள். ஃபைல் கை மாறிய பிறகு டீக்கடையில் வைத்து “அந்த ஃபைல் என்னடே ஆச்சு?” என்று கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்டால், ஒதுங்கியது பொய் என்று புதிதாக வந்த எழுத்தருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை இப்படி நோட் எழுத வேண்டியிருந்தால், ஒன்று செக்ஷனை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், இல்லை டிராக்டரை வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

எந்தக் கடிதத்தாலும் சரியாகாதவையும் உண்டு. ஏலம் அதில் ஒன்று. புளியமரமோ மீன்பாசியோ ஜப்தி வண்டியோ, நீங்கள் ஏலம் கேட்கக் கூடாது என்று விதி இருக்கும்போது மச்சான் பேரில் கேட்டாலும் கூட்டுப் பங்கில் கேட்டாலும் ஒன்றுதான். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 203 அதைத்தான் சொல்கிறது. 2 வருஷம் வரை சிறை, வாங்கிய பொருள் பறிமுதல். கூடாது என்று விதி தடுத்த வியாபாரத்தைச் செய்தால் பிரிவு 202, 1 வருஷம் வரை. 2024 ஜூலை 1க்கு முன் இவை பழைய தண்டனைச் சட்டத்தில் 169, 168 என்று இருந்தவை. அதேபோல, உங்கள் முன்னால் மனு நிலுவையில் உள்ளவரோடு கூட்டுத் தொழிலும் வேண்டாம், அவரிடம் இடம் வாங்கவும் வேண்டாம்.

கணக்கையும் விடாதீர்கள். டிராக்டர் வாடகை யாரிடம் எவ்வளவு வந்தது, டீசலுக்கு எவ்வளவு போனது என்று எழுதி, முடிந்தவரை பேங்க் வழியாகவே வாங்குங்கள். பத்து வருஷம் கழித்து வீடு கட்டும்போது இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டத் தாள் வேண்டும். 1988ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தில் சொத்துக் குவிப்பு வழக்கு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

வார்டு மெம்பர், பஞ்சாயத்துத் தலைவர் ஆகியவர்களின் கதை தனி. அவர்களை 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் பார்த்துக்கொள்கிறது. ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் பதவிக்கே ஆபத்து. கிராம சபையில் எழுந்து நின்று கேட்க ஊர்க்காரர் யாருக்கும் உரிமை இருக்கிறது.

அந்தத் தம்பி நான்கு ஃபைலுக்கு நோட் எழுதினான். ஐந்தாவது வந்தபோது மேலதிகாரியே “ஏண்டா, உன் டிராக்டரால எனக்கு வேலை கூடுது” என்று கடிந்துகொண்டாராம். டிராக்டர் இப்போது களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறது. வாடகை கொஞ்சம் குறைவு என்று அவன் மனைவி போனில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “அதையும் நோட்டுல எழுதி வைட்டி” என்றேன்.